ஜான் ஹர்ட்டை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: 'ஹாரி பாட்டர்' முதல் படத்தில் மந்திரக்கோல் விற்கும் கடைக்காரராகச் சில நிமிடம் வந்துபோகிறார் ஜான் ஹர்ட். மற்ற படங்களிலும் பெரும்பாலும் துணை வேடம்தான். அப்படியிருக்க, பிரிட்டனின் மிகச் சிறந்த நடிகர்களில் ஒருவர் என்று ஏன் சொல்கிறார்கள்? அவருடைய படங்களைப் பார்ப்பதென்றால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

துணை வேட நடிகர் என்பது பாதி உண்மைதான். சினிமா அவரைப் பல தடவை ஓரத்தில் நிறுத்தியது. ஆனால் அவர் நடுவில் நின்ற இடம் ஒன்று உண்டு, அது தொலைக்காட்சி. நமக்கு இது கொஞ்சம் விநோதமாகத் தோன்றும். நம் ஊரில் சீரியலுக்குப் போவது என்றால் சினிமா வாய்ப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம் செய்துகொள்வார்கள். 1960, 70களின் பிரிட்டனில் அப்படி இல்லை. ஒரே நடிகர் ஒரே வருடத்தில் நாடக மேடையிலும் பிபிசி நாடகத்திலும் சினிமாவிலும் நடிப்பார். சில நேரம் நல்ல எழுத்து சினிமாவைவிட டிவியில்தான் இருந்தது. ஹர்ட்டை உருவாக்கியதும் அந்த எழுத்துதான். அதனால் அவருடைய சினிமாப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் ஏன் பெரியவர் என்பது பிடிபடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய பெரிய வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். செய்யாத கொலைக்குத் தூக்கில் போடப்பட்டவன், தெருவில் அடி வாங்கும் தன்பாலீர்ப்பாளர், சிறையில் போதையில் கரையும் கைதி, உடல் உருக்குலைந்ததால் காட்சிப்பொருளாக்கப்பட்ட மனிதன், அரசாங்கம் உடைத்துப் போடும் சாதாரண குமாஸ்தா. சமூகம் முகம் திருப்பிக்கொள்ளும் ஆட்கள். அந்த வேடங்கள் அத்தனையிலும் அவர் பார்வையாளரிடம் இரக்கம் கேட்டதே கிடையாது. என் பார்வையில் அவருடைய மேதைமை அங்கேதான் இருக்கிறது.

1940 ஜனவரி 22 அன்று இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் செஸ்டர்ஃபீல்டில் பிறந்தார். அப்பா ஆங்கிலிக்கன் திருச்சபைப் பாதிரியார். சிறு வயதில் வீட்டுக்கு எதிரிலேயே சினிமா கொட்டகை இருந்தது, ஆனால் படம் பார்க்கப் போகக் கூடாது. அது தரக்குறைவு என்று வீட்டில் கருதினார்கள். நடிகனாகப் போகிறேன் என்று சொன்னபோது பள்ளித் தலைமையாசிரியர் சிரித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெற்றோர் விருப்பப்படி ஓவியம் படிக்கப் போனார், முதலில் கிரிம்ஸ்பியில், பிறகு லண்டனின் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில். 1960இல் உதவித்தொகை கிடைத்து ராடா என்று அழைக்கப்படும் அரச நாடகக் கல்லூரியில் சேர்ந்தார். வாழ்நாள் முழுவதும் ஓவியம் தீட்டுவதை அவர் விடவில்லை. ஒரு ஆளின் தோள் எப்படிச் சாய்கிறது, பொய் சொல்லும்போது கை எங்கே போகிறது என்பதை எல்லாம் வரைந்து பழகிய கண் அவருடையது. நடிப்பில் அது தெரியும்.

1962இல் சினிமாவுக்கு வந்தார். ஆனால் திருப்பம் மேடையில்தான் கிடைத்தது. 1966இல் 'லிட்டில் மால்கம்' என்ற நாடகத்தில், கலைப்பள்ளியிலிருந்து நீக்கப்பட்டுத் தனக்கென்று ஒரு சர்வாதிகாரக் கட்சி ஆரம்பிக்கும் மாணவனாக நடித்தார். அது அதிக நாள் ஓடவில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்களில் இயக்குநர் ஃப்ரெட் ஜின்னமன் இருந்தார். அவர் எடுத்துக்கொண்டிருந்த 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' படத்தில் ரிச்சர்ட் ரிச் வேடத்தை ஹர்ட்டுக்குக் கொடுத்தார். எட்டாம் ஹென்றி மன்னரின் விவாகரத்தை ஏற்க மறுத்துத் தலையை இழந்த தாமஸ் மோரின் கதை அது. பதவி ஆசையில் மோருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்பவன்தான் ரிச். பொய்ச்சாட்சிக்காரனை முதல் காட்சியிலேயே வில்லனாகக் காட்டுவது சுலபம். ஹர்ட் அவனை நல்லவனாக இருக்க ஆசைப்படும் பலவீனனாகத் தொடங்கி, ஒவ்வொரு காட்சியிலும் உடை உயர உயர ஆள் சிறுத்துக்கொண்டே போவதாகக் காட்டினார். கடைசியில் நீதிமன்றத்தில், வேல்ஸுக்கான அட்டர்னி ஜெனரல் பதவிக்காகவா ஆன்மாவை விற்றாய் என்று மோர் கேட்கும்போது அவனிடம் பதில் இல்லை. அந்தப் படத்துக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது.

அதன்பின் சினிமா அவரைக் கதாநாயகனாக்கிப் பார்த்தது. ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'சின்ஃபுல் டேவி' படத்தில் ஸ்காட்லாந்து வழிப்பறிக்காரனாக நடித்தார். 1969இல் வந்த அந்தப் படம் ஓடவில்லை. குதிரையில் பறந்து, சுவர் ஏறிக் குதித்து, பெண்களை மயக்கும் நாயகனுக்கான முகம் அவருக்கு இல்லை. மெலிந்த தேகம், குழி விழுந்த கண், சீக்கிரமே சுருக்கம் காட்டிய தோல். அந்தத் தோல்வி நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்து வந்தது '10 ரில்லிங்டன் ப்ளேஸ்'.

1971இல் வந்த இந்தப் படம் உண்மைச் சம்பவம். லண்டனில் அந்த முகவரியில் மாடியில் குடியிருந்த திமத்தி எவன்ஸ் என்ற இளைஞனின் மனைவியும் கைக்குழந்தையும் கொலை செய்யப்படுகிறார்கள். எவன்ஸுக்குத் தூக்கு, 1950இல் நிறைவேற்றினார்கள். மூன்று ஆண்டு கழித்து, வழக்கில் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியாக இருந்த கீழ்வீட்டுக்காரர் கிறிஸ்டியின் வீட்டில் பெண்களின் உடல்கள் கிடைக்கின்றன. அவர் தொடர் கொலைகாரர். எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு வழங்கினார்கள், ஆள் போய் 16 வருடம் ஆன பிறகு. பிரிட்டனில் மரண தண்டனை ஒழிந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். கிறிஸ்டியாக நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. ஆம், பின்னாளில் 'காந்தி' படத்தை இயக்கிய அதே அட்டன்பரோதான். இடிப்பதற்கு முன்பாக அந்தத் தெருவிலேயே போய்ப் படம் எடுத்தார்கள்.

எவன்ஸ் எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத வேல்ஸ்காரன். சம்பளம், குடும்பம் என்று எல்லாவற்றிலும் பொய்யான பெருமை பேசுபவன், குடிப்பவன், மனைவியிடம் கத்துபவன். படம் அவனை அப்பாவியாக அலங்கரிக்கவில்லை, ஹர்ட்டும் அலங்கரிக்கவில்லை. 'கொஞ்சம் அசட்டுத்தனமான, எரிச்சலூட்டும் ஆள்' என்றே நாமும் எடை போடுகிறோம். மனைவி இறந்ததைக் கிறிஸ்டி மெல்லிய குரலில் சொல்லி, போலீஸுக்குப் போனால் உன்னையும் பிடிப்பார்கள் என்று மிரட்டும் காட்சியில், எவன்ஸின் மூளை அந்தச் செய்தியைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவது முகத்தில் தெரியும். பிறகு நீதிமன்றத்தில், 'கிறிஸ்டிதான் செய்தார்' என்று சொல்லும்போது அவன் சொல்வது உண்மை, ஆனால் ஏற்கெனவே சொன்ன பொய்களால் யாரும் நம்பமாட்டார்கள். வாழ்நாளில் முதல் முறையாக உண்மை பேசும்போது அவனிடம் அதற்கான மொழி இல்லை. தூக்குக் காட்சி சில நொடிகள்தான், இசை கிடையாது. பார்த்தபின் வெகுநேரம் எழுந்து வேறு வேலை பார்க்க முடியாது. இந்த வேடத்துக்காக, பிரிட்டனின் முக்கியத் திரை விருதான பாஃப்டாவுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

சரி, இப்போது டிவிக்கு வருவோம்.

குவென்டின் கிறிஸ்ப் என்று ஒருவர். 1908இல் பிறந்தவர். தன்பாலீர்ப்பு குற்றமாக இருந்த காலத்தில், 1930களின் லண்டன் தெருக்களில், தலைமுடிக்கு மருதாணிச் சிவப்பு, உதட்டுச் சாயம், நகப்பூச்சு சகிதம் நடந்தவர். அடி வாங்கினார், வேலை கிடைக்கவில்லை, நீதிமன்றம் ஏறினார், ஆனால் சாயத்தைத் துடைக்கவில்லை. அரசு நிதியில் நடந்த கலைப்பள்ளிகளில் ஓவிய மாணவர்களுக்கு மாடலாக நின்று பிழைத்தார். அவருடைய சுயசரிதையை 'தி நேக்கட் சிவில் சர்வன்ட்' என்ற பெயரிலேயே தேம்ஸ் தொலைக்காட்சி நிறுவனம் படமாக்கியது. ஜாக் கோல்டு இயக்கினார். பிபிசி ஏற்கெனவே வேண்டாம் என்று தள்ளிய கதை. இங்கிலாந்தில் சட்டம் 1967இல் ஓரளவு தளர்ந்திருந்தாலும், அப்படிப்பட்ட ஒருவரைக் கதாநாயகனாக வரவேற்பறைக்குள் கொண்டுவரும் துணிச்சல் அதுவரை யாருக்கும் வரவில்லை. இந்த வேடத்தை எடுத்தால் இனி வேலையே கிடைக்காது என்று ஹர்ட்டை எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை.

1975 டிசம்பரில் ஒளிபரப்பானது. இன்று பார்த்தாலும் ஹர்ட்டின் தேர்வுகள் வியக்க வைக்கின்றன. இம்மாதிரி வேடங்களைக் கேலிக்கு வைத்துக்கொள்வதுதான் அன்றைய வழக்கம். அல்லது அழவைப்பதற்கு வைத்துக்கொள்வார்கள். ஹர்ட் இரண்டையும் செய்யவில்லை. அடித்துப் போட்ட கும்பலிடம்கூட அவருடைய கிறிஸ்ப் மரியாதை குறையாமல் பேசுகிறார், அந்த மரியாதையே அவருடைய கவசம். வழக்கில் தானே எழுந்து தனக்காக வாதாடும் காட்சியைக் கவனியுங்கள். குரல் ஏறுவதில்லை, கண்ணீர் இல்லை. 'நான் இப்படித்தான், உங்களுக்கு அதில் என்ன சங்கடம்?' என்கிற தொனி. சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். அந்த ஆண்டின் சிறந்த தொலைக்காட்சி நடிகருக்கான பாஃப்டா விருது ஹர்ட்டுக்குக் கிடைத்தது. கிறிஸ்ப்புக்கு அவரை மிகவும் பிடித்துப்போய், 'இந்த உலகில் என் பிரதிநிதி' என்று அழைத்தார். வேலை போகும் என்று பயமுறுத்தினார்களே, நடந்தது நேர்மாறு. அடுத்த ஐந்தாறு வருடங்கள்தான் அவருடைய பொற்காலம்.

1976இல் பிபிசியின் 'ஐ, கிளாடியஸ்'. ரோமப் பேரரசர் குடும்பத்தின் நாலு தலைமுறைச் சதிகளைச் சொல்லும் தொடர். பணம் குறைவு, யானை, படை, போர்க்களம் எதுவும் கிடையாது. ஸ்டூடியோவுக்குள் தூண்களை நிறுத்தி, மேடை நாடகம் போல வீடியோவில் எடுத்தார்கள். நடிகர்களை மட்டுமே நம்பிய தொடர். டெரிக் ஜாகோபி, ஷான் ஃபிலிப்ஸ், பிரையன் பிளெஸ்ட் என்று ஒருவருக்கொருவர் சளைக்காத கூட்டம். ஹர்ட்டுக்குக் கலிகுலா வேடம். நீண்ட நாள் கட்டிப்போடும் என்று முதலில் மறுத்தவர், இயக்குநர் ஹெர்பர்ட் வைஸ் அழைத்த விருந்தில் நடிகர் குழுவைச் சந்தித்த பிறகு மனம் மாறினார்.

பைத்தியக்கார மன்னன் வேடம் என்றால் கத்தித் தீர்த்துவிடலாம். ஹர்ட்டின் கலிகுலா மெதுவாகப் பேசுவான். காய்ச்சலிலிருந்து எழுந்து, தான் கடவுளாக மாறிவிட்டதாகச் சித்தப்பா கிளாடியஸிடம் சொல்லும் இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் வேலை உயர்வு கிடைத்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்கிறான். பயங்கரம் அந்தச் சாதாரணத்தில் இருக்கிறது. நடுராத்திரியில் ஆளனுப்பிக் கிளாடியஸையும் இரண்டு முதியவர்களையும் வரவழைக்கிறான். கொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று அவர்கள் நடுங்கி நிற்க, தங்க ஆடையில் வந்து விடியல் தேவதையாக நடனம் ஆடிக் காட்டுகிறான். அபிப்பிராயம் கேட்கிறான். ஜாகோபி அதைப் புகழ்ந்து தப்பிக்கும் விதமும், அந்தப் புகழ்ச்சியை நம்பிக் குழந்தைபோல் ஹர்ட் மலர்வதும், டிவி நடிப்பில் நான் பார்த்த மிகச் சிறந்த சில நிமிடங்கள். 1979இல் பிபிசிக்காக, தஸ்தயெவ்ஸ்கி நாவலான 'குற்றமும் தண்டனையும்' தொடரில் நாயகன் ரஸ்கோல்னிகோவாகவும் நடித்தார். இலக்கிய வாசகர்கள் அதையும் தேடிப் பார்க்கலாம்.

சினிமா இப்போது அவரைத் தேடி வந்தது. ஆலன் பார்க்கர் இயக்கிய 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' 1978இல் வெளியானது. துருக்கிச் சிறையில் மாட்டிக்கொண்ட அமெரிக்க இளைஞனின் கதை. துருக்கியர்களை மொத்தமாகக் கொடூரர்களாகக் காட்டியது என்று அப்போதே விமர்சனம் வந்தது. அது நியாயமான விமர்சனம். அந்தப் படத்தில் இன்றும் நிற்பது, ஹெராயினுக்கு அடிமையான ஆங்கிலேயக் கைதி மேக்ஸாக ஹர்ட் செய்ததுதான். துணை நடிகருக்கான பாஃப்டா, கோல்டன் குளோப் இரண்டும் கிடைத்தன. ஆஸ்கர் பரிந்துரையோடு நின்றது.

அடுத்த வருடம் 'ஏலியன்'. ரிட்லி ஸ்காட் முதலில் வேறொரு நடிகரை வைத்துத்தான் படப்பிடிப்பைத் தொடங்கினார். அவர் உடல்நலம் குன்றி விலக, அவசரமாக ஹர்ட் வந்தார். விண்கலத்துச் சாப்பாட்டு மேஜையில் அவருடைய மார்பைப் பிளந்துகொண்டு வேற்றுலக ஜந்து வெளியே வரும் காட்சியைத் தெரியாதவர்கள் குறைவு. மேஜையில் ஓட்டை போட்டு, ஹர்ட்டின் தலையும் கைகளும் மட்டும் மேலே தெரியும்படி வைத்து, செயற்கை உடலைப் பொருத்தி எடுத்தார்கள். எவ்வளவு ரத்தம் பீய்ச்சும் என்பது மற்ற நடிகர்களுக்கு முன்கூட்டித் தெரியாது, அவர்களின் அதிர்ச்சியில் நிஜம் கலந்திருக்கிறது. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை. மயக்கம் தெளிந்து, பசியோடு, நண்பர்களோடு சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறார். அந்தச் சந்தோஷம் அவ்வளவு இயல்பாக இல்லாவிட்டால் பின்னால் வருவது வெறும் தந்திரக் காட்சியாகியிருக்கும்.

1980இல் வந்தது 'தி எலிஃபன்ட் மேன்'. ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன். 1862இல் லெஸ்டரில் பிறந்த ஜோசப் மெரிக் என்பவரின் கதை இது. படத்தில் ஜான் மெரிக் என்று பெயர். உடல் முழுக்க விபரீதமாக வளர்ந்த எலும்பும் சதையும். பிழைப்புக்காகக் கண்காட்சிகளில் காட்டப்பட்டு, பின் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற மருத்துவரால் லண்டன் மருத்துவமனையில் அடைக்கலம் பெற்று, 27 வயதில் இறந்துபோனார். டேவிட் லிஞ்ச் அதற்கு முன் ஒரே ஒரு முழுநீளப் படம்தான் எடுத்திருந்தார். தயாரித்தவர் நகைச்சுவைப் படங்களுக்குப் பேர்போன மெல் புரூக்ஸ். தன் பெயரைப் பார்த்தால் மக்கள் சிரிப்புப் படம் என்று வருவார்கள் என்பதால் டைட்டிலில் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. மருத்துவராக ஆந்தனி ஹாப்கின்ஸ். கறுப்பு வெள்ளைப் படம்.

மெரிக்கின் உடலிலிருந்து எடுத்து மருத்துவமனையில் பாதுகாத்துவந்த அச்சுகளை வைத்து கிறிஸ்டஃபர் டக்கர் ஒப்பனையை உருவாக்கினார். அதைப் போட்டு முடிக்க ஏழெட்டு மணி நேரம், கழற்ற இரண்டு மணி நேரம். அதிகாலையில் உட்கார்ந்தால் நண்பகலுக்குத்தான் கேமரா முன் போக முடியும்; இரவு பத்து வரை வேலை. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அவரை வைத்து எடுத்தார்கள்.

இப்போது யோசியுங்கள். நடிகனுக்கு முகம்தான் மூலதனம். இங்கே முகம் இல்லை, வாய் பாதி அடைபட்டிருக்கிறது, ஒரு கை பயன்படாது. மிஞ்சியது ஒரு கண், மூச்சு, குரல், நடை. ஆரம்பத்தில் மெரிக்குக்குப் பேச்சே வராது என்றும் அறிவு வளராதவர் என்றும் மருத்துவரே நினைக்கிறார். சொல்லிக்கொடுத்த சில வரிகளை மட்டும் ஒப்பிக்கிறார் என்று அவர்கள் கைவிட்டு வெளியேறும்போது, அறைக்குள்ளிருந்து பைபிளின் 23ஆம் சங்கீதம் கேட்கிறது, சொல்லிக்கொடுக்காத பகுதியும் சேர்ந்து. குரல் மட்டும்தான் கேட்கிறது. அந்த நொடியில் ஒரு முழு மனிதன் நமக்கு அறிமுகமாகிறான். பிறகு ட்ரீவ்ஸின் வீட்டில் தேநீர். அழகான ஒரு பெண்மணி தன்னை மரியாதையோடு வரவேற்றதைத் தாங்க முடியாமல் அழுகிறார், அழுததற்காக மன்னிப்பும் கேட்கிறார். தன் அம்மாவின் படத்தை எடுத்துக் காட்டி, நான் அவருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்திருப்பேன் என்கிறார். புகார் தொனி கொஞ்சமும் இல்லாமல் ஹர்ட் அதைச் சொல்வதால்தான் அது அப்படித் தாக்குகிறது. ரயில் நிலையத்தில் துரத்திய கூட்டத்திடம் 'நான் மிருகம் இல்லை, மனிதன்' என்று கதறும் காட்சிதான் பிரபலம். எனக்கு இந்தத் தேநீர்க் காட்சி அதைவிடப் பெரியது.

எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றும் கிடைக்கவில்லை. சிறந்த நடிகர் விருது அந்த வருடம் ராபர்ட் டி நீரோவுக்குப் போனது, அதில் குறை சொல்ல முடியாது. பாஃப்டா ஹர்ட்டுக்கு வந்தது. ஒப்பனைக்கு அப்போது ஆஸ்கரில் நிரந்தரப் பிரிவு இல்லை. இந்த ஒப்பனையைக் கௌரவிக்காமல் விட்டார்கள் என்று எழுந்த அதிருப்திக்குப் பிறகுதான் அடுத்த வருடம் ஒப்பனைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள்.

1984இல், திரைகள் வழியே மக்களை மிரட்டிக் கண்காணிக்கும் சர்வாதிகார அரசைப் பற்றிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, அதே வருடத்தில், கதை நடக்கும் அதே மாதங்களில் லண்டனில் வைத்து எடுத்தார் மைக்கேல் ராட்ஃபோர்டு. அந்த அரசின் குமாஸ்தா வின்ஸ்டன் ஸ்மித்தாக ஹர்ட். அந்த வேடத்துக்கு இவரைவிடப் பொருத்தமான முகத்தை யோசிக்க முடியவில்லை. இருமல், வெளிறிய தோல், எப்போதும் கொஞ்சம் குளிரில் நிற்பவர் போன்ற உடம்பு. சித்திரவதை செய்யும் அதிகாரி ஓ'பிரையனாக ரிச்சர்ட் பர்ட்டன் நடித்தார். அதுதான் பர்ட்டனின் கடைசி சினிமா. வெளியாவதற்கு முன்பே ஆகஸ்டில் இறந்துவிட்டார். பர்ட்டன் ஒரு ஆசிரியரைப்போல் கனிவாகப் பேசப் பேச, படுக்கையில் கட்டப்பட்ட ஹர்ட் ஒவ்வொன்றாக இழக்கிறார். நாயகன் ஜெயிப்பான் என்ற நப்பாசைக்கே படத்தில் இடமில்லை. 2006இல் வந்த 'வி ஃபார் வெண்டெட்டா' படத்தில், ராட்சதத் திரையில் தோன்றி நாட்டை மிரட்டும் சர்வாதிகாரியாக அதே ஹர்ட் வந்தபோது, பழைய படத்தைப் பார்த்தவர்களுக்குத் திகைப்பாக இருந்திருக்கும். திரைக்குக் கீழே நடுங்கி நின்ற ஆள் திரைக்குள்ளே போய்விட்டார்.

இதற்குப் பிந்தைய காலத்தை வேகமாகக் கடக்கலாம். நிறைய நடித்தார், எல்லாம் நல்ல படங்கள் இல்லை. வேலை வந்தால் செய்பவர். கிடைக்கும் படம் சுமாராக இருந்தாலும் தன் நான்கு காட்சிகளைக் கவனமாகச் செய்துவிட்டுப் போவார். மெல் புரூக்ஸின் 'ஸ்பேஸ்பால்ஸ்' படத்தில் 'ஏலியன்' காட்சியையே கிண்டல் செய்து ஒரு நிமிடம் வந்தார். இந்தப் பகுதியில் தேட வேண்டியவை என்று நான் மூன்றைச் சொல்வேன். ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸின் 'தி ஹிட்', அதில் அதிகம் பேசாத கூலிக்கொலைகாரன். 1963இல் பிரிட்டிஷ் அரசை உலுக்கிய புரொஃபியூமோ விவகாரத்தை, அதாவது அமைச்சர் ஒருவரின் ரகசியத் தொடர்பு அம்பலமானதைச் சொல்லும் 'ஸ்காண்டல்'. பெரிய மனிதர்கள் தப்பித்துக்கொள்ள, பலியாடாக மாட்டிக்கொண்டு தற்கொலை செய்துகொண்ட எலும்பு, தசை சிகிச்சையாளர் ஸ்டீஃபன் வார்டு வேடம் அவருக்கு. மூன்றாவது 1997இல் வந்த 'லவ் அண்ட் டெத் ஆன் லாங் ஐலண்ட்'. நவீன உலகமே தெரியாத ஒரு முதிய எழுத்தாளர், தவறான அரங்குக்குள் நுழைந்து ஒரு மூன்றாந்தரப் படத்தைப் பார்த்து, அதில் நடித்த இளைஞன்மீது மையல் கொள்கிறார். வேடிக்கையும் வலியும் சரிபாதி. அதிகம் பேர் பார்க்காத படம். அவருடைய தலைசிறந்த ஐந்தில் இதற்கு இடம் கொடுப்பேன்.

அப்புறம் அந்தக் குரல். புகையும் மதுவும் வருடக்கணக்கில் பதப்படுத்திய, கீறலும் கனிவும் சேர்ந்த குரல். 1978இல் மட்டும் 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற அனிமேஷனில் ஹேசல் முயலாகவும், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அனிமேஷனில் அரகார்னாகவும் பேசினார். ஜிம் ஹென்சனின் 'தி ஸ்டோரிடெல்லர்' தொடரில் கணப்பு அருகே உட்கார்ந்து நாயிடம் கதை சொல்பவர் அவரே. 1987இல் பிரிட்டிஷ் அரசு எய்ட்ஸ் எச்சரிக்கை விளம்பரம் எடுத்தபோது, அறியாமையால் சாகாதீர்கள் என்று நாடு முழுக்க ஒலித்ததும் அவர் குரல்தான். தன்பாலீர்ப்பாளர் ஒருவரை 12 வருடங்களுக்கு முன் வீட்டுக்குள் கொண்டுவந்த நடிகரின் குரல் அதே வீடுகளில் இந்தச் செய்தியையும் சொன்னது. 'மெர்லின்' தொடரின் டிராகன், பிபிசியின் 'ஹியூமன் பிளானெட்' ஆவணத் தொடர், லார்ஸ் வான் ட்ரையரின் 'டாக்வில்' படத்தின் கதைசொல்லி என்று பட்டியல் நீளும்.

கடைசிக் காலத்தில் மறுபடி டிவிதான் அவருக்குப் பெரிய இடங்களைக் கொடுத்தது. 2009இல் 'அன் இங்கிலீஷ்மேன் இன் நியூயார்க்' படத்தில், 34 வருடம் கழித்து, முதுமையடைந்த குவென்டின் கிறிஸ்ப்பாகத் திரும்பி வந்தார். ஒரே நிஜ மனிதரின் நடுவயதையும் முதுமையையும் ஒரே நடிகர் தன் சொந்த வயதோடு சேர்த்து நடிப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? 2013 நவம்பரில் 'டாக்டர் ஹூ' தொடரின் 50ஆவது ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில், போரில் தன் பெயரையே துறந்துவிட்ட 'டாக்டர்' என்ற காலப்பயணி நாயகனாக வந்தார். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் தொடர் அது. புதிய தலைமுறை அவரைத் தெரிந்துகொண்டது அங்கேதான்.

மேடையும் விட்டுப்போகவில்லை. சாமுவேல் பெக்கெட்டின் 'க்ராப்ஸ் லாஸ்ட் டேப்' நாடகத்தில், தன் இளமைக் குரலைப் பதிவுநாடாவில் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவராகத் தனியாளாக நடித்தார். 2000இல் ஆட்டம் எகோயன் அதைப் படமாக எடுத்தார். பெரும்பகுதி அவர் பேசுவதே இல்லை, கேட்கிறார். ஒருவர் கேட்பதை ஒரு மணி நேரம் பார்க்க முடியுமா என்று சந்தேகமாக இருந்தால் இதைப் பாருங்கள்.

2015இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் கணையப் புற்றுநோய் இருப்பதை அவரே அறிவித்தார், நடிப்பதையும் நிறுத்தவில்லை. 2016இல் வந்த 'ஜாக்கி' படத்தில், கணவரைப் பறிகொடுத்த ஜாக்குலின் கென்னடியோடு நடந்தபடி பேசும் பாதிரியாராக நடித்தார். 2017 ஜனவரி 25 அன்று, 77ஆவது பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள், நார்ஃபோக்கில் கடலோரத்து க்ரோமரில் இருந்த தன் வீட்டில் காலமானார்.

வரிசை கேட்டிருந்தீர்களே. முதலில் 'தி எலிஃபன்ட் மேன்'. அடுத்து 'தி நேக்கட் சிவில் சர்வன்ட்', அது 80 நிமிடம்கூட இல்லை. அந்த இரண்டும் பிடித்தால் 'ஐ, கிளாடியஸ்' தொடரை முதல் பாகத்திலிருந்தே பாருங்கள். கலிகுலா பாதிக்கு மேல்தான் வருவான், ஆனால் முன்கதை தெரியாமல் நேராக அங்கே போனால் பாதி பயம் குறைந்துவிடும். பழைய வீடியோ ஒளியும் அட்டைத் தூண்களும் முதல் அரை மணி நேரம் உறுத்தும், பிறகு மறந்துபோகும். அப்புறம் '1984', 'லவ் அண்ட் டெத் ஆன் லாங் ஐலண்ட்'. '10 ரில்லிங்டன் ப்ளேஸ்' படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது போடாதீர்கள், இரவில் தனியாகவும் பார்க்க வேண்டாம்.